‘மெர்ஜர்’ என்பதற்குத் தமிழில் எதைப் போடுவது?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கென்று ஒரு குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. 42 வீடுகள். பக்கத்தில் தோப்பாக இருந்த இடத்தில் மனை போட்டு எழும்பிய நகருக்கு இன்னொரு சங்கம். அதில் 160 வீடுகள். மழை பெய்தால் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில்தான் வடிய வேண்டும். வடியாது. தனித்தனியாக மனு கொடுத்து அலுத்துப்போய், போன ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு சங்கத்தையும் ஒன்றாக்கிவிடலாம் என்று பேசி முடித்தார்கள். ஏற்பாடு எளிமையானது: எங்கள் சங்கத்தைக் கலைப்பது, கையிருப்புப் பணத்தையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பெரிய சங்கத்துக்கு மாற்றுவது, நிர்வாகக் குழுவில் எங்கள் தெருவுக்கு மூன்று இடம். ஆடிட்டர் ஆங்கிலத்தில் தீர்மானம் எழுதித் தந்தார். தலைப்பிலேயே ‘மெர்ஜர்’. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் பிழைப்பு என்பதால் தமிழ்ப்படி என் தலையில் விழுந்தது.

‘இணைப்பு’ என்று போட்டு அரை மணியில் முடித்தேன். செய்தித்தாளில் அப்படித்தானே வருகிறது: வங்கிகள் இணைப்பு, கட்சிகள் இணைப்பு, ஊராட்சிகள் இணைப்பு. கூட்டத்தில் படித்துக் காட்டியபோது, எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கையைத் தூக்கினார்.

“தம்பி, ஆபீஸ் கடுதாசி முடிவுல ‘இணைப்பு’ன்னு போட்டு என்ன எழுதுவாங்க?”

“ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், அந்த மாதிரி எழுதுவாங்க ஐயா.”

“அதுல நம்ம தெரு எது? ரேஷன் கார்டா, ஆதாரா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரிய சங்கத்துச் செயலாளர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “வாய்க்கால் அடைப்பு எடுக்கணும் சார், எந்த வார்த்தையா இருந்தா என்ன” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு சொல் கொண்டுவருவதாக நான் ஒத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரம் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சங்கம், கடை, குழு என்று எதையாவது ஒன்றாக்கப் போகிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். லத்தீனில் ‘மெர்கெரே’ என்றால் நீரில் முக்குவது, அமிழ்த்துவது. வெள்ளத்தில் தரைப்பாலம் முழுகினால் ஆங்கிலப் பேப்பர் எழுதும் ‘சப்மெர்ஜ்’, வாளித் தண்ணீரைச் சுடவைக்கும் ‘இம்மர்ஷன் ராடு’ எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவைதான். ‘எமர்ஜென்சி’யும் இதே குடும்பம், உள்ளே கிடந்தது சட்டென்று மேலே எழும்புவது. ஊசுடு ஏரியில் முக்குளிப்பான் தலைகுப்புறப் பாய்ந்து காணாமல் போய், எங்கோ தள்ளி எழும்பும். அப்படி முங்கும் நீர்ப்பறவைக்கு ரோமர்கள் வைத்த பெயர் ‘மெர்கஸ்’. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் ‘மெர்ஜ்’ என்றால் முக்குவதுதான். இரண்டு ஒன்றாவது என்ற அர்த்தம் பிற்பாடு ஏறியது.

ஏற்றியவர்கள் வக்கீல்கள். ஒரே ஆளின் கையில் சின்ன உரிமையும் பெரிய உரிமையும் வந்து சேர்ந்தால், சின்னது பெரியதற்குள் மறைந்துபோகும் என்பது இங்கிலாந்தின் பழைய சொத்துச் சட்டம். வாடகைக்கு இருந்த வீட்டையே ஒருவர் விலைக்கு வாங்கினால் அவருடைய வாடகை உரிமை என்ன ஆகும்? சொத்துரிமைக்குள் முழுகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சட்டங்களுக்கு விளக்கம் எழுதிய பிளாக்ஸ்டன், ‘மெர்ஜ்’ ஆனது என்றால் அமிழ்ந்தது, மூழ்கியது என்றே பொருள் சொல்கிறார். நம் நாட்டின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆவது பிரிவிலும், குத்தகை முடிவுக்கு வரும் வழிகளில் இதுவும் ஒன்று. இதைப் படித்ததும் எனக்கு அடகுக்கடை ஞாபகம் வந்தது. வட்டி கட்டாமல் விட்ட நகையை நம் வீடுகளில் ‘முழுகிப்போச்சு’ என்றுதானே சொல்கிறோம்? நகை எங்கும் ஓடிவிடவில்லை, சேட்டின் பெட்டியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. நம்முடையதாக இல்லை, அவ்வளவுதான். லண்டன் வக்கீலும் நம்மூர் அடகுக்கடை வாசலில் நிற்கும் அம்மாவும் ஒரே உவமையைப் பிடித்திருக்கிறார்கள்.

‘மெர்ஜர்’ கடைசியில் இருக்கும் ‘அர்’ பற்றியும் ஒரு வார்த்தை. செய்பவரைக் குறிக்கும் விகுதி இல்லை அது. இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் பிரெஞ்சு புழங்கியது. அந்தப் பிரெஞ்சு வினைச்சொல்லின் வால் பெயர்ச்சொல்லாகவே தங்கிவிட்டது. ‘டின்னர்’ கூட அப்படி வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், இன்றைய பிரெஞ்சில் கம்பெனிகள் ஒன்றாவதற்கு இந்தச் சொல் இல்லை. அவர்கள் ‘ஃப்யூசியோன்’ என்பார்கள். அதன் லத்தீன் மூலத்துக்கு உருக்கி ஊற்றுவது என்று பொருள். ஆங்கிலேயர் நீரில் முக்கினார், பிரெஞ்சுக்காரர் உருக்குகிறார்.

முழுகுவது என்றால் எவ்வளவு தூரம் என்பதை எக்செல் தெரிந்தவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். நான்கு கட்டங்களில் நான்கு பெயர்களை அடித்துவிட்டு ‘மெர்ஜ்’ கொடுத்துப் பாருங்கள். இடது மேல்மூலையில் இருக்கும் பெயர் மட்டும் நிற்கும், மற்ற மூன்றும் போய்விடும். அதுவே எச்சரித்துவிட்டுத்தான் செய்கிறது. வங்கிகளிலும் பார்த்தோம். 2020 ஏப்ரல் 1 அன்று 10 பொதுத்துறை வங்கிகள் 4 ஆயின. சிண்டிகேட் வங்கி கனரா வங்கிக்குள் போனது. ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கிக்குள் போயின. 1865ல் தொடங்கிய அலகாபாத் வங்கி, அதற்கு 42 வருடம் இளையதான, 1907ல் பிறந்த இந்தியன் வங்கிக்குள் போனது. மூத்ததுதான் நிற்கும் என்ற விதியெல்லாம் கிடையாது. எங்கள் தெருச் சங்கமும் பக்கத்து நகர்ச் சங்கத்தைவிடப் பழையது.

அரசு அந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘அமால்கமேஷன்’. இது பாதரசக் கலவையிலிருந்து வந்த சொல். தங்கத்தில் ரசம் பட்டால் வெளுத்துப்போகும் என்பது பொற்கொல்லர்களுக்குத் தெரியும். சூடு காட்டினால் ரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும் என்பதும் தெரியும். வங்கிகளை அப்படிச் சூடு காட்டித் திரும்ப எடுக்க முடியாது. பெயர்ப் பொருத்தம் சுமார்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டேன்: சேர்ந்த பிறகு யார் மிச்சம்?

‘ஐக்கியம்’ முதலில் நினைவுக்கு வந்தது. ‘ஏக’ என்பதிலிருந்து பிறந்த வடசொல். ஐக்கிய நாடுகள் என்னும்போது அத்தனை நாடும் அப்படியே இருக்கின்றன. ஆனால் நம் பக்கத்துப் பேச்சில் அது வேறு மாதிரி. 1874 ஜனவரி 30 அன்று வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டார். கடலூர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அவர் சோதியில் கலந்தார், ஐக்கியமானார் என்றுதான் சொல்வார்கள். சிதம்பரத்தில் நந்தனாருக்கும் அதே பேச்சு. உள்ளே போனவர் தனியாகத் திரும்பி வருவதில்லை. இந்தப் பக்தியைத்தான் கிண்டலாக்கி, கட்சி மாறியவனையும் சாப்பாட்டுப் பந்தியில் புகுந்தவனையும் ‘ஜோதியில ஐக்கியமாயிட்டான்’ என்கிறோம். ‘மெர்ஜ்’ என்பதன் வேர்ப்பொருளுக்குத் தமிழ்நாட்டில் புழங்கும் சொற்களில் இதைவிட நெருக்கமானது எனக்குத் தெரிந்து இல்லை. அர்த்தம் அவ்வளவு சரியாக இருப்பதாலேயே தீர்மானத்தில் போட முடியாது. தமிழாசிரியர் ஐயா அதற்கும் கையைத் தூக்குவார், சூடத்தட்டு கேட்பார்.

‘கலப்பு’ என்ற சொல்லை யோசிக்கும்போதே மணம் கெடுகிறது. கலப்படம், கலப்பு எண்ணெய், பாலில் கலந்த தண்ணீர். பள்ளிப் புத்தகம் வேதியியலில் இதைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது: கலவை என்றால் உப்பும் மணலும் போல, தண்ணீர் விட்டு வடிகட்டிப் பிரிக்கலாம், சேர்மம் என்றால் அப்படிப் பிரிக்க வராது, பழைய குணமும் இருக்காது. ஆங்கிலத்தில் அதற்குக் ‘காம்பவுண்டு’, சேர்த்து வைத்தது என்று பொருள். பழைய ஆஸ்பத்திரிகளில் பாட்டிலில் கலர் தண்ணீர் கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர் இந்த வழி வந்தவர். வீட்டைச் சுற்றியிருக்கும் காம்பவுண்டு சுவர் மட்டும் இந்தக் குடும்பமில்லை. அது மலாய் மொழியின் ‘கம்போங்’ என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள்.

அந்தச் ‘சேர்’ நல்ல சொல். எளிமையான சொல். ஆனால் சங்கத் தீர்மானத்தில் ‘சேர்ப்பு’ என்று எழுதினால் வழக்கில் இல்லாத வாடை அடிக்கிறது. ‘சேர்க்கை’ என்றால் கல்லூரி அட்மிஷன். ‘சேர்த்துக்கொள்கிறது’ என்று வினையாக எழுதிப் பார்த்தேன். பெரிய சங்கம் பெருந்தன்மையோடு கதவைத் திறந்து, ‘வாங்க, ஓரமா உக்காருங்க’ என்று சொல்வது போல ஆகிவிட்டது. அதில் ஒரு வருத்தம் எனக்கு உண்டு, ஏனென்றால் இந்த ஊரின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆட்கள் சேர்ந்து இருக்கும் இடம் சேரி. புதிதாகச் சேர்ந்த இடம் புதுச்சேரி. பிரெஞ்சும் ஆங்கிலமும் முன்பாதியை எப்படியோ ‘பாண்டி’ ஆக்கின. பின்பாதிச் ‘சேரி’யை விட்டுவைத்தன. 2006ல் அரசே பழைய பெயருக்குத் திரும்பியது.

தெற்கே அரை மணிப் பயணத்தில் இருக்கும் பக்கத்து ஊரும் சும்மா இல்லை. கடலூர் என்பது கூடலூர் என்பதன் மாற்றம் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதும் ‘கட்டலூர்’ அந்தப் பழைய பெயரின் சாயலை இன்னும் வைத்திருக்கிறது. கெடிலம், உப்பனாறு, பரவனாறு, சற்று வடக்கே தென்பெண்ணை என்று தண்ணீர் எல்லாம் கடலைத் தேடி வந்து கூடும் இடம். ஆக, சேர்ந்த ஊர் ஒன்று, கூடிய ஊர் ஒன்று. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒன்றாவதற்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ‘கூடு’ பிரிவதையும் உள்ளேயே வைத்திருக்கும் சொல். கூடியவர்கள் கலைவார்கள். கூட்டம் முடியும். கூட்டணி என்றால் கேட்கவே வேண்டாம், தொகுதி எண்ணிக்கை பேசும்போதே விரிசலும் வந்துவிடுகிறது. அடுப்படியில் இருக்கும் கூட்டைப் பாருங்கள்: பூசணிக்காய் பூசணியாகத் தெரியும், பருப்பு பருப்பாகத் தெரியும். இந்த வகைச் சேர்க்கைக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் இன்னும் நல்ல உதாரணம் இருந்தது. இப்போது பைபர் படகுகள் வந்துவிட்டன, முன்பு கட்டுமரம்தான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப்போடுவார்கள், மறுபடி கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள். ஆங்கிலம் இந்தச் சொல்லைக் ‘கட்டமரான்’ என்று வாங்கிக்கொண்டு போய், இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்கு வைத்துவிட்டது. அங்கே அவிழ்ப்பதற்குக் கயிறே இல்லை. இரண்டு சங்கங்கள் வாய்க்கால் வேலைக்கு மட்டும் ஒன்றுசேர்ந்து, பெயரும் பணமும் அவரவரிடம் இருக்கும் என்றால் ‘கூட்டு’தான் சரியான சொல், கூட்டுக் குழு என்று போட்டு முடித்திருக்கலாம். எங்கள் ஏற்பாடு அது இல்லை.

அடுத்தது ‘ஒருங்கிணைப்பு’. கனமான சொல், மேடைக்கு ஏற்றது. ஆங்கிலத்தின் ‘இன்டெக்ரேஷன்’ என்பதற்கு ஈடாக வைத்திருக்கிறோம். அதன் லத்தீன் வேருக்குத் தொடப்படாதது, முழுமையானது என்று பொருள். கணக்கில் ‘இன்டிஜர்’ முழு எண் ஆனதும் அதனால்தான். ஆனால் தமிழில் ஒருங்கிணைப்பாளர் என்றால் யார்? கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து எல்லோரையும் இங்கும் அங்கும் அனுப்புகிறவர். ஒன்றாக்குவதும் ஒழுங்குபடுத்துவதும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டன. இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. 1993ல் தென் ஆற்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. அதற்கு முந்தைய காலத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘ஒருங்கிணைந்த தென் ஆற்காடு மாவட்டம்’ என்கிறோம். அப்போது யாரும் அதை ஒருங்கிணைக்கவில்லை. அது பாட்டுக்கு ஒன்றாக இருந்தது. உடைந்த பிறகுதான் அதற்கு ஒருங்கிணைந்த என்ற பட்டம் கிடைத்தது. எங்கள் சங்கத்துக்கு அந்தச் சகுனம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

‘ஒன்றியம்’ என்ற சொல்லும் எட்டிப் பார்த்தது. ஊராட்சி ஒன்றியத்தில் அது பழக்கப்பட்ட சொல்தான். மத்திய அரசா ஒன்றிய அரசா என்று 2021ல் நடந்த சண்டைக்குப் பிறகு, அதைத் தெருச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் வாய்க்காலை மறந்துவிட்டு அரசியல் பேச ஆரம்பிப்பார்கள். புதுச்சேரிக் கிராமங்களில் ஒன்றியத்துக்குப் பதில் கொம்யூன் பஞ்சாயத்து இருக்கிறது. அந்தக் ‘கொம்யூன்’ பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது, பொதுவானது என்ற லத்தீன் சொல்லின் பேத்தி. அழகாக இருக்கிறது, ஆனால் அது இடத்தின் பெயர். சேரும் செயலுக்கு உதவாது.

‘சங்கமம்’ விழா அழைப்பிதழுக்கு. பழைய மாணவர்கள் சந்திக்கும்போது போட்டுக்கொள்ளலாம். ‘மெர்ஜர்’ என்றே தமிழில் எழுதிவிடலாமே என்று என் தம்பி சொன்னான். வங்கியில் வேலை பார்க்கிறவன், அவனுக்கு அது அன்றாடச் சொல். ஆனால் ‘மெர்ஜ் ஆயிடுச்சு’ என்று பேசுகிற தெருவில்கூட, மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டிகள் கேட்பார்கள். அவர்களுக்கு விளக்க இன்னொரு சொல் வேண்டும். அந்த இன்னொரு சொல்லையே எழுதிவிடலாம்.

எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்ப ‘இணை’யிடமே வந்தேன். அகராதியைத் திறந்தால் ஐயா கிண்டல் செய்த சொல்லுக்கு நல்ல பிறப்பு இருக்கிறது. இணை என்றால் சோடி. இணை என்றால் சமம். இணையடி என்றால் இரண்டு பாதங்கள். இணையற்ற என்றால் ஈடு இல்லாத. இணைபிரியாத நண்பர்கள் என்றால் இரண்டு பேரும் இருக்கிறார்கள், எவரும் எவருக்குள்ளும் முழுகவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு நேர் பங்காளி ‘மெர்ஜ்’ அல்ல, ‘கம்பைன்’. அதன் லத்தீன் வேர் ‘பினி’, இரண்டிரண்டாக என்று பொருள். இரண்டிரண்டாகச் சேர்ப்பதுதான் ‘கம்பைன்’. ‘மெர்ஜர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் ‘இணைப்பு’ என்று போடும்போது, முழுகியதைச் சோடி என்று மொழிபெயர்க்கிறோம். வங்கி இணைப்பு என்ற தலைப்பைப் படித்தவர்களுக்கு அலகாபாத் வங்கியின் போர்டு இறங்கும் என்று அந்தச் சொல்லைக் கொண்டு ஊகிக்க வழியே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை அதுவரை கவனிக்காமல் இருந்தேன். ‘இணைப்பு’ என்பது இணைத்தலிலிருந்து வருவது. யாரோ ஒருவர் இணைக்கிறார். கேஸ் இணைப்பு, மின் இணைப்பு, எல்லாவற்றிலும் இணைக்க ஒரு ஆள் வருகிறார். தானாக இணைந்தால் அது ‘இணைவு’. இயற்பியல் புத்தகம் இதில் கறாராக இருக்கிறது: சூரியனுக்குள் நடப்பது அணுக்கரு இணைவு, அங்கே ஸ்பேனரோடு யாரும் போகவில்லை. ஆங்கில ‘மெர்ஜ்’ இரண்டு வேலையையும் ஒரே உருவத்தில் செய்துவிடும். யார் செய்தது என்று அது காட்டிக்கொடுக்காது. தமிழ் அப்படி மறைக்க விடாது. சேர்வதற்கும் சேர்ப்பதற்கும், கூடுவதற்கும் கூட்டுவதற்கும் நடுவில் ஒரு எழுத்து நின்றுகொண்டு கணக்குக் கேட்கும். யார் மிச்சம் என்ற என் கேள்வி பாதிதான். யார் செய்தது என்பது மறுபாதி.

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வித்தியாசம் அகராதி பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாரீஸ் அதை ஏற்று, சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16ல். ஒரே நிகழ்வுக்கு எத்தனை பெயர் பாருங்கள். ஒப்பந்தத்தின் பிரெஞ்சுத் தலைப்பில் ‘செசியோன்’, அதாவது விட்டுக்கொடுத்தல். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘மெர்ஜர்’ என்பார்கள். உள்ளூரில் நவம்பர் 1 விடுதலை நாள். கொடுத்தவர், வாங்கியவர், நடுவில் இருந்தவர் என மூன்று பேருக்கும் மூன்று சொல். இதில் முழுகியவர் யார் என்றால் பதில் சுலபமில்லை. பழைய நிர்வாகத் தனித்தன்மை தொடரும், மாற்றம் வேண்டுமானால் மக்கள் விருப்பம் அறிந்தே செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார்கள்.

அப்புறம் 1979. பிரதமர் மொரார்ஜி தேசாய் இந்தப் பிரதேசத்தைப் பக்கத்து மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று சொன்னதும் ஊர் கொந்தளித்தது. 1954ல் இணைய வேண்டும் என்று போராடிய அதே ஊர், 25 வருடத்தில் இணைக்கக் கூடாது என்று தெருவில் இறங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியும்; ‘அதே தமிழ், அதே சாப்பாடு, தமிழ்நாட்டோடு சேர்ந்தால் என்ன?’ என்று கேட்பார்கள். இரண்டு தடவையும் ஆங்கிலப் பேப்பர் எழுதியது ‘மெர்ஜர்’தான். ஆனால் முதலாவது பெரும்பாலும் இணைவு, இரண்டாவது சுத்தமாக இணைப்பு. இந்த விளக்கத்தை நான் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து எங்கள் ஐயாவிடம் சொன்னபோது, “அப்போ நான் பெத்தி செமினார் பள்ளிக்கூடம் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன் தம்பி, எனக்கு நீ சொல்லணுமா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. ‘இணைவு’ என்ற ஒரு சொல்லோடு போனேன். தலைப்பில் ‘இரு சங்கங்களின் இணைவு’. ஆனால் தலைப்பில் மரியாதையாக ஒரு சொல்லைப் போட்டுவிட்டு உள்ளே மழுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. நடப்பது உண்மையில் லத்தீன் அர்த்தம்தான். எங்கள் 42 வீட்டுச் சங்கம் முழுகுகிறது. அதனால் உள்ளே பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று வினைகளாக எழுதினேன்: இந்தச் சங்கம் கலைக்கப்படுகிறது, இருப்பு மாற்றப்படுகிறது, மூன்று உறுப்பினர்கள் குழுவில் இடம் பெறுகிறார்கள். ஒப்பந்தம், தீர்மானம் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான்: தலைப்புக்குச் சொல் தேடுவதில் பாதி நேரத்தை, எது நிற்கும் எது போகும் என்று வினையில் எழுதுவதற்கு ஒதுக்குங்கள்.

ஐயா தலைப்பை ஏற்றுக்கொண்டார். வினையில் மறுபடி கை எழுந்தது.

“‘கலைக்கப்படுகிறது’ன்னா யாரு கலைக்கிறது? போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைக்கிற மாதிரி இருக்கு.”

“நாமதான் ஐயா கலைக்கிறோம்.”

“அப்ப அப்படிப் போடு. ‘தன்னைக் கலைத்துக்கொள்கிறது’.”

அந்தக் ‘கொள்’ எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இணைவு, இணைப்பு என்று ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன், மூன்றாவதாக ஒரு வழி இருந்ததைப் பார்க்கவில்லை: தானாகவும் நடக்கவில்லை, பிறரும் செய்யவில்லை, நமக்கு நாமே செய்துகொள்வது. ஆங்கிலப் படியில் இதற்கு ஈடாக என்ன போடுவது என்று ஆடிட்டரைக் கேட்டேன். அது அப்படியே இருக்கட்டும் என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் அக்கா அன்றைக்கே வாய்க்கால் மனுவில் இரண்டு பக்கத்துக் கையெழுத்தையும் வாங்கிவிட்டார். விழாவுக்கு பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தோம். ‘இணைவு விழா’ என்று நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, கடையில் இருந்த பையன் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டான். பெரிய சிவப்பு எழுத்தில் ‘இணைப்பு விழா’ என்று வந்து நின்றது.

“ரெண்டெழுத்துக்காக மறுபடியும் 900 ரூபாயா?” என்று அக்கா கேட்டார். வெள்ளைத் தாளில் மார்க்கரால் ‘வு’ என்று தானே எழுதி, ‘ப்பு’ மேல் ஒட்டினார். கொஞ்சம் கோணலாக இருந்தது. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.